உறுதியின் நான்கு எல்லைகள்: திருகோணமலைத் துறைமுக நகரின் பழைய கட்டடங்களில் இருந்தவர்களைத் தேடுதல்



வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போகிறோம். பிரெட்றிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் பழைய வீடொன்றைக் கைகாட்டி, "இதில்தான் வெலிங்டன் பிரபு இருந்தவர்" என்கிறோம். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர் என்று விளக்கமும் சொல்கிறோம். அப்போது அவர் பிரபு இல்லை; ஆதர் வெல்லெஸ்லி என்ற படை அதிகாரி. 1800ஆம் ஆண்டின் கடைசியில் இங்கே வந்தார், அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே கப்பலேறிப் போய்விட்டார். அவர் இங்கே இருந்தது சில வாரங்கள். அந்த வீடு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. அதற்குச் சுண்ணாம்பு குழைத்தவர், வளை ஏற்றியவர், கிணறு வெட்டியவர், பின்னாளில் ஓடு மாற்றியவர், குசினியில் நின்றவர் எவருடைய பெயரும் நம் வாயில் வருவதில்லை. சில வாரம் தங்கிய விருந்தாளியின் பெயரைத்தான் வீட்டுக்கு வைத்திருக்கிறோம்.

அவரைப் பற்றிய கதையிலும் பிழை இருக்கிறது. இங்கே நோயில் விழுந்ததால் அவர் ஏறவேண்டிய கப்பலைத் தவறவிட்டார், அந்தக் கப்பல் கடலில் மூழ்கியது, ஆகவே திருகோணமலைக் காய்ச்சல்தான் வெலிங்டனை உலகுக்குக் காப்பாற்றிக் கொடுத்தது என்று சொல்வார்கள். அவர் நோயில் விழுந்தது பம்பாயில். அவருடைய கடிதங்கள் அச்சில் இருக்கின்றன, யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

சுவாமி மலையில் நிற்கும் ஒல்லாந்தர் தூணுக்கும் இதே கதிதான். 1687 ஏப்ரல் 24 என்ற திகதியோடு பிரான்சினா வான் றேடே என்ற பெண்ணின் பெயர் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. காதலன் கப்பலேறிப் போனதைப் பார்த்து மலையிலிருந்து கடலில் குதித்தவள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தோம். ஒல்லாந்தர் ஆவணங்களைப் புரட்டியவர்கள் அவள் அதற்குப் பின்னும் வாழ்ந்தாள், மணம் முடித்தாள் என்று கண்டார்கள். மலையாளக் கரையின் மூலிகைகளைப் பன்னிரண்டு தொகுதிகளில் பதிந்த ஹென்றிக் வான் றேடேயின் வளர்ப்பு மகள் அவள்.

இந்த இரண்டையும் நான் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. வெலிங்டனுக்கும் பிரான்சினாவுக்கும் கட்டுக்கதை இருந்தது, அதைத் திருத்துவதற்கு ஆவணமும் இருந்தது. பிரதான வீதியில் கடை வைத்திருந்தவருக்கும், உட்துறைமுகத்தில் வத்தை ஓட்டியவருக்கும், டொக்யார்டில் கலப்பத்து வேலை செய்தவருக்கும் கதையும் இல்லை என்று நினைக்கிறோம், ஆவணமும் இல்லை என்று நினைக்கிறோம். ஆவணம் இருக்கிறது. நம் வீட்டு அலுமாரிகளில், தகரப் பெட்டிகளில், காணிப் பதிவகத்தின் தடித்த பேரேடுகளில் இருக்கிறது. அதை எப்படி வாசிப்பது என்பதே இன்றைய என் பேச்சு.

முதலில் எல்லோரும் அறிந்த கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டொக்யார்ட் பக்கம் நிற்கும் கடற்படை ஆணையாளர் இல்லம். ஒல்லாந்தர் காலத்து மாடிக் கட்டடம். தடித்த சுவர்கள், நீண்ட விறாந்தை, உயர்ந்த தூண்கள். நெடுங்காலம் பாழாகிக் கிடந்ததை நெதர்லாந்தின் உதவியோடு மத்திய கலாசார நிதியம் திருத்தியது; 2013இல் கடல்சார், கடற்படை வரலாற்று நூதனசாலையாகத் திறந்தார்கள். நல்ல காரியம். இடிந்து விழ விட்டிருந்தால் இன்று அதைப் பற்றிப் பேசவே இடமிருந்திராது. பிரித்தானியர் காலத்தில் அங்கே இருந்த பதவியின் பெயர் இன்றும் கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதராசில் கடற்படை ஆணையாளராக இருந்த பீட்டர் பியூஜெட் என்பவர்தான் 1810களில் இங்கே கடற்படைத் தளம் எழும்பியதை மேற்பார்வை செய்தவர். அமெரிக்காவின் மேற்குக் கரையில் பியூஜெட் சவுண்ட் என்ற கடல்வழி இருக்கிறதே, கப்பற் தலைவர் வான்கூவரின் பயணத்தில் இளம் அதிகாரியாகப் போன இவரின் பெயரால்தான் அது வழங்குகிறது. அதிகாரிகளின் பெயர்கள் இப்படி உலகம் முழுக்கத் தொடர்ந்து கிடைக்கும். அவர்கள் கடிதம் எழுதினார்கள், அறிக்கை எழுதினார்கள், பதவி மாறும்போது அடுத்தவருக்குக் குறிப்பு எழுதி வைத்தார்கள்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கணக்குப் பிள்ளைகள் இதில் இன்னும் கெட்டிக்காரர். 18ஆம் நூற்றாண்டில் கம்பனிக் கப்பலில் ஏறிய தச்சன், கொல்லன், மாலுமி எவருக்கும் சம்பளப் பேரேட்டில் ஒரு பக்கம் உண்டு. பெயர், பிறந்த ஊர், வேலை, சம்பளம், பட்ட கடன், இறந்த நாள் எல்லாம் அதில் ஏறும். கம்பனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றில் ஒரு பகுதி கொழும்பிலேயே, நம் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கிறது. ஆகவே திருகோணமலைக் கோட்டையில் உளி பிடித்த ஐரோப்பியத் தச்சன் ஒருவனை அவன் பிறந்த கிராமம் வரைக்கும் தேடிப் போய்விடலாம். அவனுக்குப் பக்கத்தில் நின்று ஊழியமாகக் கல் சுமந்த நம் ஆள், அந்தப் பேரேட்டில் தலை எண்ணிக்கையாக மட்டும் இருப்பான். இந்த வேறுபாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

இனிக் காணி உறுதிகளுக்கு வருவோம். இதில் கொஞ்சம் நேரம் நிற்கப் போகிறேன்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணி பூமி கைமாறுவதென்றால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் முடிக்க வேண்டும் என்று விதித்தது. 1863இல் பதிவுச் சட்டம் வந்தது. அன்றிலிருந்து ஒவ்வோர் உறுதிக்கும் மூன்று பிரதிகள்: ஒன்று வாங்கியவர் கையில், ஒன்று நொத்தாரிசின் கட்டில், ஒன்று காணிப் பதிவகத்தில். நொத்தாரிசு காலமானால் அவருடைய கட்டுகள் பதிவகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். புயலில் ஒன்று போனாலும், கலவரத்தில் ஒன்று எரிந்தாலும், மற்றொன்று எங்கோ இருக்கக்கூடும். தேடுபவருக்கு முதல் தைரியம் இதுதான்.

உறுதியை எடுத்ததும் நாம் எல்லோரும் பார்ப்பது விற்றவர் யார், வாங்கியவர் யார், விலை என்ன என்பதை. வழக்குக்கு அது போதும். வரலாற்றுக்கு அதன் கீழே வரும் பகுதிதான் புதையல். "வடக்கு எல்லை, கிழக்கு எல்லை, தெற்கு எல்லை, மேற்கு எல்லை" என்று நாலு பக்கமும் யாருடைய காணி, எந்தத் தெரு, எந்த ஒழுங்கை என்று எழுதியிருப்பார்கள். "இதனுள் அடங்கிய வீடு, கிணறு, வான்பயிர், செய்பயிர்" என்று முடிப்பார்கள். கொல்லருடைய பட்டறை கிழக்கெல்லையாக இருக்கும். பேக்கரிக்காரருடைய வளவு மேற்கெல்லையாக இருக்கும். பிரித்தானியக் கடற்படை நிர்வாகமான அட்மிரால்டியின் காணி தெற்கே வரும். தன் பெயரில் உறுதி எதுவும் இன்று மிஞ்சியிராத மனிதர், பக்கத்து வீட்டுக்காரரின் உறுதியில் எல்லையாக நிற்பார். ஒரு தெருவின் பத்துப் பதினைந்து உறுதிகளை அருகருகே விரித்தால், எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தி, அந்த ஆண்டில் அந்தத் தெருவில் இருந்தவர்களின் வரிசை எழுந்து வரும். ஆட்களின் தொழிலும் பெயரோடு சேர்ந்தே வரும், அக்காலத்தில் அப்படித்தான் ஆளை அடையாளம் சொன்னார்கள்.

இது புது வழக்கமும் அல்ல. நிலாவெளியில் கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு, திருகோணமலைச் சிவன் கோயிலுக்கு விட்ட 250 வேலி நிலத்தைச் சொல்கிறது. அந்த நிலத்தின் எல்லைகளையும் சொல்கிறது. கொடுத்தவனின் புகழைப் பாடிவிட்டு நிறுத்தியிருந்தால் இன்று நமக்கு அங்கிருந்த ஊர்ப்பெயர்களே கிடைத்திரா. எல்லை சொல்ல வேண்டியிருந்ததால் ஊர்கள் பிழைத்தன.

உறுதியின் கடைசியில் நொத்தாரிசின் அத்தாட்சிக் குறிப்பு இருக்கும். உறுதி முடித்தவரைத் தனக்குத் தெரியுமா, சாட்சிகளுக்குத் தெரியுமா, பணம் தன் முன்னே எண்ணிக் கொடுக்கப்பட்டதா, முன்னரே வாங்கிவிட்டதாக ஏற்றுக்கொண்டாரா, எந்த வரியில் எந்தச் சொல் வெட்டித் திருத்தப்பட்டது என்றெல்லாம் எழுத வேண்டும். சாட்சிகளாக யாரைக் கூட்டி வந்தார்கள் என்பது அந்த மனிதரின் உலகத்தைக் காட்டும். தமிழ் வியாபாரியின் உறுதிக்குச் சோனகர் சாட்சி, சோனகருடைய உறுதிக்குப் பறங்கியர் சாட்சி என்று வருமிடங்களில் நான் நிறுத்திப் படிப்பேன். யார் யாரை நம்பினார்கள் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைக்காது. கையொப்பம் எந்த எழுத்தில், அல்லது பெருவிரல் அடையாளமா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விடயம், தேடுபவர்கள் அதிகம் தடுக்கி விழுமிடம். நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. தலைமுறைக்குத் தலைமுறை முதலெழுத்து மாறும். கிழக்கில் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வீடு பெரும்பாலும் பெண் பிள்ளைக்குத்தான் போகும். மகளுக்கு வீடு கொடுத்து மருமகனைக் கூட்டி வருவது நம் ஊர் வழக்கம். ஆகவே ஆண்களின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் மூன்றாம் தலைமுறையில் நூல் அறுந்துவிடும். வேறு குடும்பம் வாங்கிவிட்டது என்று எழுதிவிடுவோம். தாயிலிருந்து மகளுக்கு, மகளிலிருந்து பேத்திக்கு என்று சீதன உறுதிகளையும் நன்கொடை உறுதிகளையும் பின்தொடர்ந்தால் அதே வீடு நூறு ஆண்டுகள் ஒரே குடும்பத்தில் நின்றது தெரியவரும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே கடை போட்டவர்கள் தேசவழமையையும் கூடவே கொண்டு வந்தார்கள். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1806இல் பிரித்தானியர் சட்டமாக ஏற்ற அந்த வழமை, யாழ்ப்பாணத்துக் குடிகளை அவர்கள் போகும் இடமெல்லாம் தொடரும். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தை அது பிரிப்பதால், எது பெண் கொண்டு வந்தது, எது கடை வருமானத்தில் வாங்கியது என்பது உறுதியிலேயே தெரிந்துவிடும். விலாசப் புத்தகங்களில் பெண்ணின் பெயர் அருமையாகத்தான் வரும். உறுதியில் உரிமையாளராகவே வருவாள். இந்த நகரத்துப் பெண்களின் வரலாற்றை எழுத விரும்பும் மாணவிகள் இங்கே இருந்தால், காணிப் பதிவகத்திலிருந்து தொடங்குங்கள்.

காகிதத்துக்கு அடுத்தபடி கட்டடமே பேசும். பழைய சுவரின் சாந்து உதிர்ந்த இடத்தில் முருகைக்கல் தெரிந்தால், கடலில் எடுத்த கல், கடலோரச் சூளையில் நீற்றிய சுண்ணாம்பு என்று அறியலாம். மரம் முதிரையா பாலையா என்று பார்க்க வேண்டும். சாவண்டலை மரத்தைத் தமிழ்நாட்டில் திருகோணமலை மரம் என்றே சொன்னார்கள். மதராஸ் கரையில் அலைமேல் ஏறி இறங்கிய மசூலாப் படகுகளுக்கு இங்கிருந்துதான் அது போனது. நம் காட்டு மரம் அவர்கள் படகாகியது. அவர்களுடைய கரையிலிருந்து ஓடு நம் கூரைக்கு வந்தது. மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை 1865இல் தொடங்கியது. அந்த ஓடுகளின் அடியில் மிஷனின் பெயரும் 1865 என்ற ஆண்டும் முத்திரையாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வீடு 1865இல் கட்டியது என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். அது தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. ஓடு சுட்ட ஆண்டு அன்று. முதலாம் உலகப் போரில் மிஷனின் சொத்துக்களைப் பிரித்தானியர் எடுத்துக்கொண்டபின் தொழிற்சாலைகள் கொமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. புதுப் பெயர் ஓட்டில் இருந்தால் கூரை அதற்குப் பிந்தியது என்று துணியலாம். இரும்பு வளையில் டோர்மன் லோங், மிடில்ஸ்பரோ என்று பொறித்திருந்தால் அது 1875க்கு முந்தியதாக இருக்க முடியாது. கூரை புதிது, சுவர் பழையது என்பதும் அடிக்கடி நடக்கும். ஆகவே கட்டடம் எந்த ஆண்டு என்று ஒரே வாயில் கேட்காமல், சுவர் எப்போது, கூரை எப்போது, விறாந்தை எப்போது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

கோட்டை வாசலிலேயே இதற்குப் பெரிய சான்று இருக்கிறது. போர்த்துக்கேயர் 1620களில் கோயிலை இடித்து அதன் கற்களால் கோட்டை கட்டினார்கள். வாசற் கல்லில் இணைக்கயலும் உடைந்த தமிழ் எழுத்தும் இன்றும் நிற்கின்றன. கோட்டைக்குள் கிடைத்த மற்றொரு கல்லில் சோடகங்கதேவன் என்ற பெயரும் 1223க்கு ஒத்த சக ஆண்டும் கிரந்த எழுத்தில் இருக்கின்றன. 1950இல் நகரசபை கிணறு வெட்டியபோது கோயிலின் செப்புத் திருமேனிகள் நிலத்திலிருந்து வெளிவந்தன. இந்த ஊரில் எந்தச் சுவரும் தனியொரு காலத்துக்கு உரியதன்று. 1639இல் கோட்டை ஒல்லாந்தரிடம் போனது. 1782ஆம் ஆண்டில் மட்டும் அதன் மேல் ஒல்லாந்தர் கொடி இறங்கிப் பிரித்தானியர் கொடி ஏறி, அதுவும் இறங்கிப் பிரெஞ்சுக் கொடி ஏறியது. 1795இல் மீண்டும் பிரித்தானியர். கொடி மாறியபோதெல்லாம் சுவரைப் பூசியவர்கள் இதே ஊரவர்கள்தான்.

அவர்கள் யார்? ஓடாவிமார், மேசன்மார், கொல்லர், தட்டார், வண்ணார், அம்பட்டர், தையற்காரர், பேக்கரிக்காரர், தண்டையல், வத்தைக்காரர், நாட்டாமைமார். பாலையூற்றிலும் நகரத்திலும் இருந்த பறங்கியர் தச்சிலும் கொல்லு வேலையிலும் பேர்போனவர்கள். வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசி, தெருவில் தமிழ் பேசினார்கள். அவர்களுடைய திருமணமும் ஞானஸ்நானமும் கத்தோலிக்கக் கோயில் பதிவேடுகளில், பல இடங்களில் தொழிலோடு சேர்த்தே, ஏறியிருக்கின்றன. இலங்கை றைபிள் படையில் வந்த மலாய்க்காரர் 1873இல் படை கலைந்தபின் இந்தத் தீவின் ஊர்களிலேயே தங்கினார்கள். நாகபட்டினக் கரையிலிருந்து அரிசியும் துணியும் ஏற்றித் தோணியில் வந்த மரக்காயர்களும் செட்டிமாரும் உண்டு. பள்ளிவாசல் கணக்குகள், கோயில் உபயப் பட்டியல்கள், தூண்டாமணி விளக்கில் வெட்டிய பெயர்கள் எல்லாம் இவர்களைத் தேடும் இடங்கள். கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இலேயே இலங்கையின் ஊர்களுக்கு ஆங்கிலத்தில் அகராதி எழுதினார். திருகோணமலையும் அதில் இருக்கிறது. 1871இலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த குடிசன மதிப்பு, தொழில்வாரியான எண்ணிக்கையையும் தருகிறது. நகரசபையின் ஆதனவரிப் பதிவேடு இன்னும் நெருக்கமானது. உரிமையாளர் யார், குடியிருந்தவர் யார் என்று இரண்டையும் காட்டும். உறுதியில் வாடகைக்காரர் வரமாட்டார். வரிப் பதிவேட்டில் வருவார். கடைத்தெருவில் தொழில் செய்தவர்களில் பெரும்பாலோர் வாடகைக்காரர்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஒரு பதிவேட்டைப் பற்றிப் பேச நம்மவர் தயங்குவார்கள். நான் தயங்கப் போவதில்லை. 1818இலிருந்து யாழ்ப்பாணம், திருகோணமலை உட்பட்ட பகுதிகளில் அடிமைகளைப் பதிய வேண்டும் என்று அரசு விதித்தது. கோவியர், நளவர், பள்ளர் என்று நம் சாதிப் பெயர்களாலேயே அவர்களை எழுதினார்கள். இலங்கையின் அடிமைப் பதிவேடுகள் இங்கிலாந்தில் கியூ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சொந்தக்காரரின் பெயரின் கீழே ஆண், பெண், குழந்தை என்று அடிமைகளின் பெயர்கள். 1844இல்தான் சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தது. அந்தக் காலத்துப் பெரிய வளவு ஒன்றின் வரலாற்றை எழுதும்போது முதலியாரின் பட்டத்தையும் பல்லக்கையும் எழுதிவிட்டு, தண்ணீர் அள்ளியவரின் பெயர் எழுத்தில் இருந்தும் எழுதாமல் விட்டால், அது வரலாறே அன்று. அந்தப் பெயர்களைத் தமிழில் பெயர்த்தெழுதி இந்த ஊர் நூலகத்தில் வைக்க வேண்டும். சொந்தக்காரரின் பெயர் தங்கள் முன்னோர் பெயராக இருக்குமோ என்று அஞ்சுபவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

துறைமுகத்தின் ஏற்ற இறக்கத்தைத் தெரியாமல் இந்த நகரத்தின் உறுதிகளை வாசிக்க முடியாது. 1905இல் பிரித்தானியர் செலவுச் சுருக்கமென்று இங்கிருந்த கடற்படைப் பட்டறையை மூடினார்கள். கப்பலையும் படையையும் நம்பிக் கடை வைத்தவர்களுக்கு அது இடி. அந்த ஆண்டுகளை ஒட்டிய விற்பனைகளையும் ஈட்டு உறுதிகளையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். பின்பு 1920களில் சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எழத் தொடங்கின. 1927இல் ரயில் வந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. ஊரில் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே கிராமங்களுக்கு ஓடினார்கள்; பிறகு போர்க்கால வேலைக்காக எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். 1957 ஒக்டோபர் 15இல் கடற்படைத் தளம் இலங்கை அரசின் கைக்கு வந்தபோது, அட்மிரால்டிச் சம்பளத்தில் வாழ்ந்த குடும்பங்கள் மறுபடியும் வழி தேட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் தகப்பனுடைய டொக்யார்ட் வேலை அட்டை இருக்கும், படம் இருக்கும். அதைக் கேட்டுப் பார்க்க நாம் போவதில்லை.

படைக்காரர்களிலும் இந்த ஊரைத் தன் ஊராக்கிக்கொண்டவர் ஒருவரைச் சொல்ல வேண்டும். பேர்சி மோல்ஸ்வர்த், கொழும்பில் பிறந்த பொறியியற்படை அதிகாரி. பகலில் படை வேலை, இரவில் தொலைநோக்கி. இங்கிருந்து வியாழனை ஆண்டுக்கணக்காக அவர் வரைந்து பதிந்த குறிப்புகளால், சந்திரனிலும் செவ்வாயிலும் ஒவ்வொரு பள்ளத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். 1908இல் காலமாகி இந்த மண்ணிலேயே அடக்கமானார். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி, கடற்படை அதிகாரி சார்ல்ஸ் ஒஸ்டினின் கல்லறையைத் தேடி வெளிநாட்டவர் வருகிறார்கள். 1852இல் பர்மாவில் இறந்த அவரை இங்கே கொண்டு வந்து அடக்கினார்கள். நம் பிள்ளைகள் மோல்ஸ்வர்த்தைத் தேடிப் போகட்டும். வானத்தை அவர் பார்த்தது இந்த ஊரிலிருந்துதான்.

இனிச் சிக்கலான பகுதி. இந்த ஊரில் "இந்தக் காணி முன்பு யாருடையது" என்ற கேள்வி வெறும் வரலாற்றுக் கேள்வியாக இருந்ததில்லை. 1983க்குப் பின் போரினால் எத்தனையோ குடும்பங்கள் வீட்டை விட்டு ஓடின. திரும்பியவர்கள் வேறு ஆட்கள் குடியிருப்பதைக் கண்டார்கள். உறுதி எரிந்தவர்கள் உண்டு. பத்தாண்டு ஆட்சியால் உரிமை வரும் என்ற 1871ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு எதிராக நின்றது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினால் தம் உரிமையைக் கேட்க முடியாதிருந்தவர்களுக்கு ஓரளவு வழி திறந்தது. இப்படிப்பட்ட ஊரில் குறிப்பேடும் கையுமாக ஒருவர் வாசலில் வந்து, இந்த வீட்டின் பழைய உரிமையாளர் யார் என்று கேட்டால், வீட்டுக்காரருக்கு வயிறு கலங்காதா? கலங்கத்தான் செய்யும்.

ஆகவே என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்கிறேன். கடந்த அறுபது ஆண்டுகளின் உரிமை விபரம் வரலாற்று வேலைக்கு வேண்டாம். அதற்கு நீதிமன்றம் இருக்கிறது, சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். நாம் தேடுவது அதற்கு முந்திய ஆட்களை. அப்படித் தேடும்போது, ஒரே வீடு தமிழரிடமிருந்து சோனகருக்கும், சோனகரிடமிருந்து பறங்கியருக்கும், அவரிடமிருந்து சிங்களவருக்கும், மறுபடி தமிழருக்கும் விலைக்குப் போன வரிசைகள் வரும். அந்த வரிசையில் தனக்குப் பிடித்த ஒரு கண்ணியை மட்டும் வெட்டியெடுத்து, ஊர் எங்களுடையது என்று மேடையில் காட்டுபவர்களுக்கு நம் குறிப்புகளைக் கொடுக்கக் கூடாது. வரிசையை முழுதாக வெளியிட வேண்டும், அல்லது வெளியிடாமல் காத்திருக்க வேண்டும். இதில் நான் எவருக்காகவும் வளைந்து கொடுக்க மாட்டேன். கோணேசர் கோயிலின் பழைய ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்து, திருக்கோணாசல வைபவத்தை எழுதி வைத்த வே. அகிலேசபிள்ளை 1910இல் காலமானார். அந்த நூல் அச்சேறியது 1950இல். நாற்பது ஆண்டுகள் அந்தக் கையெழுத்துப் பிரதியை வீட்டார் காத்து வைத்தார்கள். நம்மாலும் காக்க முடியும்.

என்ன செய்யலாம் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். இந்தச் சொற்பொழிவை ஓர் அறக்கட்டளை ஆண்டுதோறும் வைக்கிறது. அதோடு ஆண்டுக்கு ஒரு தெருவையும் எடுத்துக்கொள்ளலாம். பிரதான வீதியில் தொடங்கி, மத்திய வீதி, டைக் வீதி, உட்துறைமுக வீதி என்று போகலாம். வீட்டுக்காரர் சம்மதித்தால் 1960க்கு முந்திய உறுதிகளை அவர் வீட்டிலேயே வைத்துப் படம் பிடிக்க வேண்டும். மூலத்தை ஒருபோதும் வாங்கிக்கொண்டு வரக் கூடாது. படத்தின் ஒரு பிரதி அவருக்கு. ஒவ்வோர் உறுதிக்கும் திகதி, நொத்தாரிசு, உறுதி இலக்கம், இருபக்கத்தார், சாட்சிகள், நான்கு எல்லைகள், சொல்லப்பட்ட தொழில்கள், கையொப்பம் எந்த எழுத்தில் என்று எட்டுக் கட்டங்கள் உள்ள படிவம் ஒன்றை நான் எழுதி வைத்திருக்கிறேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வாசிக்கத் தெரிந்த மாணவர் ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் இருக்க வேண்டும். பழைய நொத்தாரிசுகளின் கையெழுத்து கடினம். ஓய்வுபெற்ற பதிவகத்து எழுதுநர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைக் கூட்டி வந்து பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்ல வேண்டும். இதை முதலில் செய்யுங்கள். மற்றதெல்லாம் இரண்டு ஆண்டு பொறுக்கும், அவர்களுடைய வயது பொறுக்காது.

படிவத்தின் பிரதிகள் வாசலில் இருக்கும் மேசையில் இருக்கின்றன. எடுத்துச் செல்லுங்கள். உங்கள் வீட்டு உறுதியில் தெற்கெல்லையில் யார் இருக்கிறார் என்று இன்றிரவே பாருங்கள்.